முடியால் போட்ட கொக்கி

என் தங்கை ஓகிலாய் ஜெயித்ததையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் அது விட்டுப்போயிற்று, இது விட்டுப்போயிற்று என்று என்னிடம் வரக் கூடாது.

ஆண் குழந்தைக்கென்று நீல வர்ணம் பூசி வைத்திருந்த தொட்டிலில் பெண்ணாக வந்து படுத்து, அந்தத் தொட்டிலை ஜெயித்தாள். பள்ளியில் சுவர்ப் பத்திரிகைப் போட்டியில் தலைமை ஆசிரியையின் மகளை ஜெயித்தாள். வெளியூரிலிருந்து வந்த நடுவருக்கு எந்தப் பெண் யாருடைய மகள் என்று யாரோ சொல்ல மறந்துவிட்டார்கள். கலைக் கல்லூரியில் புத்தக வடிவமைப்புப் பிரிவில் ஓர் இடத்தை ஜெயித்தாள். அந்தப் பிரிவில் சம்பாத்தியம் இல்லை என்று தெரிந்து பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டார்கள். காலண்டர் படமாக மட்டுமே பெண்கள் நுழைந்திருந்த ஹம்தம் உஸ்தாவின் முடிவெட்டுக் கடையில் ஒரு முக்காலியை ஜெயித்தாள். கடைசியாக ஒரு கொக்கியை ஜெயித்தாள். மற்றவை இல்லாமலும் அவள் பிழைத்திருப்பாள். அந்தக் கொக்கி இல்லாமல் அவள் அவளாக இருந்திருக்க மாட்டாள்.

கொக்கி என்றால் எழுத்தின் தோளில் உட்காரும் கொக்கி. எங்கள் எழுத்துகளில் இரண்டுக்கு அது உண்டு. மயிரிழை அளவுதான். இருந்தால் ஒரு சொல், விழுந்தால் வேறு சொல்.

எங்கள் வீட்டில் முதலில் பிறந்தவள் நான், மவ்லூதா. என்னைப் பார்த்துவிட்டு அப்பா, "பரவாயில்ல, அடுத்து பாத்துக்கலாம்" என்றாராம். அடுத்து வந்தவள் அவள். எங்கள் ஊர் கோகந்தில் இப்படிப் பெண்ணாகவே பிறந்தால் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பெண்ணுக்கே 'மகன்' என்று பெயர் வைத்துவிடுவது. மேலே இருப்பவன் அதைக் கேட்டு, அட, இவர்கள் கேட்டது இதுவல்லவே என்று வெட்கப்பட்டு, அடுத்ததைத் திருத்தி அனுப்புவான் என்று நம்பிக்கை. ஓகிலாய் என்றால் 'மகன் நிலா'. அவனும் வெட்கப்பட்டான். அடுத்து தம்பி டில்முராத் பிறந்தான். அப்பா ஆட்டை அறுத்து, தெருவையே கூட்டிப் புலாவ் போட்டார். தன் பெயரை அடகு வைத்து அவனை வரவழைத்தவளுக்கு அன்று யாரும் ஒரு எலும்பைக்கூட எடுத்துத் தரவில்லை.

அந்தப் பெயரில் இரண்டு கொக்கிகள். அவள் பிறந்த சமயம் பழைய எழுத்து போய்ப் புது எழுத்து வந்துகொண்டிருந்தது. பிறப்புப் பதிவு செய்தவர் புது எழுத்தை அவசர வகுப்பில் கற்றவர். இரண்டாம் எழுத்துக்குக் கொக்கி போட்டார். முதல் எழுத்துக்குப் போடவில்லை. முதல் கொக்கி விழுந்தால் 'மகன்' என்பது 'தொழுவம்' ஆகிவிடும். அரசாங்கக் கணக்கில் என் தங்கை தொழுவ நிலா.

அம்மா அதைத் திருத்தச் சொன்னாள். "ஒரு கொக்கிக்கு ஒரு நாள் லாரிய நிறுத்தச் சொல்றியா?" என்றார் அப்பா. பஞ்சாலை லாரி அவருடையது. டில்முராத்தின் பிறப்புப் பதிவுக்கு அதே லாரியை நிறுத்தி, அலங்கரித்து, அதிலேயே போனார்.

பள்ளியில் வருகை எடுக்கும்போது ஆசிரியை பதிவேட்டில் இருப்பதைத்தான் படிப்பாள். கடைசி பெஞ்சிலிருந்து யாராவது மாடு மாதிரிக் கத்துவார்கள். சுவர்ப் பத்திரிகைக்குக் கிடைத்த சான்றிதழிலும் அதே தொழுவம். ஓகிலாய் அழவில்லை. ஆனால் அந்தப் பெயரின் கீழ் அவள் கையெழுத்துப் போட்டதே இல்லை. கையெழுத்துக் கேட்ட இடத்தில் ஒரு பிறையை வரைந்துவிடுவாள். பாஸ்போர்ட்டிலும் பிறைதான். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. எங்கள் ஊர் அதிகாரிகளின் கையெழுத்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிறை எவ்வளவோ தெளிவு.

கல்லூரியில் கடைசி வருடம். பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசிப்புப் புத்தக வரிசை ஒன்றை மாணவர்களே வடிவமைக்க வேண்டும், தேறியதை அச்சடித்துப் பள்ளிகளுக்கு அனுப்புவோம் என்று கல்லூரியின் ஆண்டுத் திட்டத்தில் எழுதியிருந்தார்கள். யார் எதைச் செய்வது என்று சீட்டுக் குலுக்கினார்கள். ஒருத்திக்குப் பட்டு. ஒருவனுக்குப் பழைய மன்னர் கானின் அரண்மனை. ஒருவனுக்கு ரொட்டி. என் தங்கைக்கு முடிவெட்டுக் கடை.

பொறுப்பாளர் மிர்சயீத் தோம்லா. எங்கள் பக்கம் வாத்தியாரைத் தோம்லா என்போம். அவர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாராம்.

"இது எதுக்கும்மா உனக்கு? ஆம்பளைங்க இடம். பட்டை மாத்தி எடுத்துக்க. பட்டுல எவ்வளவு நிறம் இருக்கு."

"முடியிலயும் இருக்கே தோம்லா."

"என்ன இருக்கு? கறுப்பு. அது போனா வெள்ளை. அவ்வளவுதான்."

அவர் தலைமுடி இரண்டிலும் சேராத மருதாணிச் சிவப்பு. வகுப்பில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்ப்பது போல.

உள்ளே போட வேண்டிய பாடத்தைத் தோம்லாவின் நண்பர் ஒருவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். ஓகிலாய் என் வீட்டுக்குக் கொண்டு வந்து எனக்குப் படித்துக் காட்டினாள். "முடி என்பது மனிதத் தலையில் வளர்வதாகும். அது வளர்ந்தபின் வெட்டப்படும். வெட்டப்படும் இடம் முடிவெட்டுக் கடை எனப்படும்." நான் ஒன்பதாவது வரை படித்தவள், பள்ளிச் சீருடை தைக்கிறேன். பித்தான் எங்கே வரும் என்று பார்த்த பிறகுதான் துணியைத் தொடுவேன். அந்தப் பாடத்தில் பித்தானும் இல்லை, துணியும் இல்லை.

"நேரா போய்ப் பாக்காம இத செய்ய முடியாதுக்கா," என்றாள்.

"போ. யார் தடுத்தா?"

"தடுக்க மாட்டாங்க. பேசுவாங்க."

ஆகவே டில்முராத்தின் தலையை நுழைவுச் சீட்டாக எடுத்துக்கொண்டோம். அவன் தலையை வெட்டக் கூட்டிப் போகிறோம் என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

தொழிலில் கைதேர்ந்தவரை உஸ்தா என்போம். ஹம்தம் உஸ்தாவின் கடை சந்தைக்குப் பின்னால், இறைச்சிக் கடைகளுக்கும் மசூதி வாசலுக்கும் நடுவில் இருக்கிறது. சுரைக்குடுக்கைக் கூண்டில் ஒரு காடை. இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி. சுவரில் வெளிநாட்டு ஆண்களின் தலைகள் வரிசையாக உள்ள படம், ஒவ்வொரு தலைக்கும் கீழே ஓர் எண். வருபவர் கவனமாகப் பார்த்து எண்ணைச் சொல்வார். உஸ்தா மரியாதையாகத் தலையாட்டுவார். எந்த எண்ணைச் சொன்னாலும் வெளியே போவது ஒரே தலைதான். கோகந்து ஆண்கள் எல்லாரும் அண்ணன் தம்பி போல் இருப்பதற்கு ரத்தம் காரணமல்ல, ஹம்தம் உஸ்தாதான்.

நாங்கள் வாசலில் நின்றதும் பேச்சு நின்றது. உஸ்தாவின் கத்தரி மட்டும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது.

"யாருக்கு?" என்றார் உஸ்தா.

"தம்பிக்கு," என்றேன்.

"தம்பிக்கு வெட்ட ரெண்டு அக்கா எதுக்கு? கையையும் காலையும் புடிச்சுக்கவா?"

ஜன்னலோரம் தேநீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த வழுக்கைத் தலைக்காரர் சொன்னார். "பழைய காலத்துல உஸ்தாமாரு சுன்னத்தும் செய்வாங்கல்ல. பையன் அதை நெனச்சுப் பயந்திருப்பான்."

கடை முழுக்கச் சிரித்தது. டில்முராத்தின் காது சிவந்தது. ஓகிலாய் வரைநோட்டைத் திறந்தாள்.

"இல்ல மாமா. நான் உங்க தலைய வரையத்தான் வந்தேன். முடி ஒண்ணும் மறைக்கல, பென்சிலுக்கு வசதி."

காடை மட்டும் கத்தியது. உஸ்தா போர்த்தும் துணியை உதறி, அந்தச் சாக்கில் முகத்தை மறைத்துச் சிரித்தார். பிறகு காலால் ஒரு முக்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உக்காரு மகளே. உனக்கு நாக்கு இருக்கு. இங்க கத்திய விட நாக்குதான் ஜாஸ்தி வேணும்."

வழுக்கைத் தலைக்காரர் பெயர் தோய்ச்சி. விருந்து நாளில் பிறந்தவருக்கு வைக்கும் பெயர் அது. 'விருந்துக்காரன்' என்று அர்த்தம். சந்தையில் தராசு பார்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் ஒரு முடிகூட இல்லை. ஆனால் தினமும் கடைக்கு வருவார். அவர் முறை வரும்போது நாற்காலியில் உட்காருவார். உஸ்தா துணியைப் போர்த்தி, வெறும் தலைமேல் காற்றில் கத்தரியை ஓட்டுவார். "பக்கத்துல ரொம்ப எடுத்துடாத உஸ்தா," என்பார் தோய்ச்சி மாமா. "எடுக்கல மாமா, சும்மா சமம் பண்றேன்," என்பார் உஸ்தா. இருவரும் சிரிக்கவே மாட்டார்கள். இதற்குக் கூலியும் உண்டு.

ஓகிலாய் அங்கே ஒன்றைக் கவனித்தாள். கடையில் யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசுவதில்லை. எல்லாரும் கண்ணாடியோடு பேசுகிறார்கள். மருமகன் ரஷ்யாவில் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறான், மூத்தவன் நிலத்தை விற்கச் சொல்கிறான், ராத்திரியில் நெஞ்சு கனக்கிறது. வீட்டில் மனைவியிடம் சொல்லாததெல்லாம் கண்ணாடிக்குப் போகிறது. கண்ணாடியில் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. விரும்பினால் சொல்லலாம், இல்லாவிட்டால் தேநீர் குடிக்கலாம். எங்கள் ஊர் ஆண்கள் மனம் விட்டுப் பேச வேண்டுமென்றால் கழுத்தில் துணி கட்டி, தொண்டையருகே கத்தி வைக்க வேண்டியிருக்கிறது.

அதையே புத்தகமாக்கினாள். புத்தகம் அந்தக் கண்ணாடி மாதிரி உயரமாக, ஒல்லியாக. இடப்பக்கத்தில் பேசுகிறவரின் முதுகு, வலப்பக்கத்தில் கண்ணாடிக்குள் முகம். நடுவில், மடிப்பில், உஸ்தாவின் கத்தரி. பக்கத்தைத் திருப்பினால் கத்தரி மூடிக்கொள்ளும். "முடி என்பது மனிதத் தலையில் வளர்வதாகும்" என்ற வரியை ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் விட்டாள். தோய்ச்சி மாமாவின் தலைக்குக் கீழே.

புத்தகம் வளர வளரத் தம்பியின் முடி குறைந்தது. எதற்காவது மறுபடி போய்ப் பார்க்க வேண்டுமென்றால் அவனைத்தான் நாற்காலியில் ஏற்ற வேண்டும். அந்த மாதத்தில்தான் அவனுக்குப் பெண் பேசியிருந்தோம். பெண் வீட்டார் விசாரிக்க வந்து, "பட்டாளத்துலேர்ந்து எப்ப திரும்பினாரு?" என்று கேட்டார்கள்.

"இன்னும் எவ்வளவு இருக்குக்கா உன் புத்தகம்?" என்றான் அவன்.

"முடி விருந்து மட்டும்தான் பாக்கி."

"என் தலையில விருந்து வைக்க என்ன மிச்சம் இருக்கு?"

முடி விருந்து என்பது குழந்தைக்கு முதல் முடி எடுக்கும் விருந்து. புத்தகத்தின் கடைசிப் பாடம் அது. புத்தகத்துக்கும் 'முடி விருந்து' என்றே தலைப்பு வைத்திருந்தாள். அதற்கு டில்முராத் தேவைப்படவில்லை. என் இளைய மகள் இருந்தாள். "மூணாவது பொண்ணுக்கு என்ன முடி விருந்து?" என்று என் மாமியார் ஒரு சட்டிச் சோற்றோடு முடித்துக்கொண்டாள். ஹம்தம் உஸ்தா மட்டும் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். குழந்தை அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "பாத்தியா, நான் வெட்ட வந்தேன், இவ பிடுங்க வந்திருக்கா," என்றார். முதல் சுருளை என் கையில் வைத்தார். எங்கள் வழக்கப்படி அதை எறியக் கூடாது. ஒரு துண்டு வெள்ளைத் துணியில் முடிந்து தையல் பெட்டியில் வைத்தேன்.

அதன் பிறகுதான் தோம்லா தன் கைவரிசையைக் காட்டினார்.

பீட்டர்ஸ்பர்கிலிருந்து அவருக்கு யாரோ ஒரு புதிய எழுத்துருவை அனுப்பியிருந்தார்கள். வரிசை முழுதும் அதில்தான் வர வேண்டும் என்றார். அழகான எழுத்துதான். ஆனால் அதைச் செய்தவர்களுக்கு எங்கள் கொக்கி தெரியாது. அது எழுத்தை விட்டுத் தள்ளி, சம்பந்தமில்லாமல் மேலே தொங்கியது.

"என்னம்மா இது, ஈ உக்காந்த மாதிரி?" என்றாராம் தோம்லா. "எல்லாத்தையும் எடு."

"எடுத்தா அர்த்தம் மாறிடும் தோம்லா."

"படிக்கிறவனுக்குத் தெரியாதா? தந்தி அடிச்ச காலத்துல கொக்கியா போட்டோம்? யாராவது செத்துப்போனது தெரியாமப் போச்சா?"

அவள் மாதிரித் தாளோடு என் வீட்டுக்கு வந்தாள். நான் தையல் மெஷினில் இருந்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தலைப்பு என்ன ஆச்சு தெரியுமாக்கா? விருந்துல கொக்கி போயிடுச்சுன்னா என்ன வரும்?"

யோசித்தேன். "குதிரைக்குட்டி."

"முடிக் குதிரைக்குட்டி. அதான் இப்ப புத்தகத்தோட பேரு."

"தோய்ச்சி மாமா?"

"குதிரைக்குட்டிக்காரன்."

"நீ?"

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பொடி எழுத்தில் இருந்தது. எண்ணமும் வடிவமும்: பேராசிரியர் மிர்சயீத். அதற்கும் கீழே, இன்னும் பொடியாக: உதவி, ஓகிலாய். கொக்கியே இல்லாமல். எங்கள் ஊரில் யார் படித்தாலும் தொழுவம் என்றுதான் படிப்பார்கள்.

"குதிரைக்குட்டிக்குத் தொழுவம் கெடைச்சிருச்சு," என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "பாஸ்போர்ட்ட ஒரு அதிகாரி பாப்பான், மூடிடுவான். இதப் பிள்ளைங்க படிக்கும்க்கா. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா போகும். கடைசி பெஞ்சுல எவனாவது மாடு மாதிரி கத்துவான். நான் செஞ்ச புத்தகத்துலயே."

நான் மெஷினை நிறுத்தினேன். புத்தகத்தைத் தோம்லா எடுத்துக்கொண்டதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். கல்லூரியில் அது பழக்கம்தான். பெயர்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். டில்முராத்தும் வந்தான். தன் தலையில் இனி எடுக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தான். உஸ்தா காதோரம் ஒரு சுருளைக் கண்டுபிடித்துவிட்டார்.

தோய்ச்சி மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் படத்தின் கீழிருந்த பெயரைப் படித்தார். மறுபடி படித்தார்.

"நான் குதிரைத் தரகனா?"

"மாமா, அது வந்து..."

"இந்தச் சந்தையில என் முன்னால ஒருத்தன் தராசு முள்ளத் தொட்டதில்ல. என் பேரு முள்ளை எவன் தொட்டான்?"

"விடு மாமா," என்றார் உஸ்தா டில்முராத்தின் காதோரம் கத்தரியை ஓட்டிக்கொண்டே. "ஒண்ணு ரெண்டு குட்டி வாங்கி விட்டா பேரு சரியாப் போயிடும்."

"உன் காடைக்கும் ஒரு லாடம் அடிச்சு விடறேன் இரு."

இந்தச் சண்டையில் உஸ்தாவின் கத்தரி சொடுக்க, டில்முராத்தின் காதோரச் சுருள் பறந்து நேராகத் தாளில் விழுந்தது. தோய்ச்சி மாமாவின் பெயரில், விழ வேண்டிய எழுத்தின் தோளில். உஸ்தா வழக்கப்படி ஊதக் குனிந்தார். ஓகிலாய் அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கடையில் ஒரு பெண் ஓர் ஆணின் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"ஊதாதீங்க உஸ்தா."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தோய்ச்சி மாமா படித்தார். "இப்ப சரியா இருக்கு," என்றார். "இதான் என் பேரு."

அப்புறம் அவள் வீட்டில் யாரையும் மேஜைப் பக்கம் தும்ம விடவில்லை. தம்பியின் முடி, உஸ்தாவின் மீசை முடி, கடைக்கு வந்து போகிறவர்களின் நரைத்தது, சுருண்டது, செம்பட்டை, எல்லாவற்றையும் சாமணத்தால் எடுத்து, ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு முடியை வைத்துப் படம் எடுத்துச் சேர்த்தாள். தன் பெயருக்குத் தன் முடியேதான் வேண்டும் என்று தோய்ச்சி மாமா அடம் பிடித்தார். தலையில் கிடையாது. புருவத்திலிருந்து ஒன்றை உஸ்தா பிடுங்கிக் கொடுத்தார். "கண்ணுல தண்ணி வருதே மாமா." "பேருன்னா சும்மாவா."

தலைப்பின் கொக்கிக்கு என் தையல் பெட்டியிலிருந்த வெள்ளைத் துணி முடிச்சைக் கேட்டாள். கொடுத்தேன். விருந்து கிடைக்காத பெண்ணின் முடி 'விருந்து' என்ற சொல்லின் தோளில் ஏறியது.

அவள் பெயருக்கு இரண்டு வேண்டும். தன் பின்னலின் நுனியைத் தானே கத்தரித்துக்கொண்டாள். டில்முராத் மொட்டைத் தலையைத் தடவியபடி நின்று பார்த்தான். "உன் தலையில இவ்வளவு வச்சுக்கிட்டா என் தலையக் காலி பண்ணின?"

தோம்லா சொன்னதை அவள் மீறவில்லை. எழுத்துருவிலிருந்த கொக்கிகளை எல்லாம் எடுத்துவிட்டாள். இப்போது புத்தகத்தில் கொக்கி எதுவும் இல்லை. முடிதான்.

அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்பைத் துணை முதல்வரின் அறையில் வைத்துப் பார்த்தார்கள். ஓகிலாய் வாசலருகே நின்றாள். அங்கே நடந்ததை அவள் வீட்டில் நடித்தே காட்டினாள். அம்மா சிரித்துத் தேநீரைக் கொட்டினாள்.

தோம்லா முதலில் அட்டையைப் பார்த்து ஊதினார். முடி போகவில்லை. கையால் தட்டினார். கைக்குட்டையால் துடைத்தார். பிறகு நகத்தால் சுரண்டினார். துணை முதல்வர், "என்னய்யா பண்ற, கொடு," என்று வாங்கி, அவரும் ஊதினார். அந்த முடி நிஜமாகவே தோம்லாவின் தலையிலிருந்து விழுந்திருக்குமோ என்று துணை முதல்வர் சந்தேகமாக அவர் தலையைப் பார்த்தார்.

"அது அச்சு சார்," என்றாள் ஓகிலாய். "கொக்கி."

"எழுத்துங்கறது அரசாங்க விஷயம்," என்றார் துணை முதல்வர். "அதுல யாரோட மயிரோ ஒட்டியிருக்கு. மேலேர்ந்து கேட்டா யார் பதில் சொல்றது?" கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "எண்ணமும் வடிவமும், மிர்சயீத். நீதானா?"

தோம்லா ஓய்வூதியத்துக்கு அருகில் இருந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். தன் பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டார்.

"இது மாணவியோட சொந்த முயற்சி. நான் பாக்கக்கூட இல்ல. அந்தப் பக்கமா நடந்து போனேன், அவ்வளவுதான்."

"அப்ப நிறுத்திடலாமா?"

தோம்லா பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நிறுத்தவும் முடியாது. புத்தகம் ஆண்டுத் திட்டத்தில் இருந்தது. திட்டத்தில் ஏறியது அச்சாகியே தீர வேண்டும். அச்சாகாத புத்தகத்துக்கு, தப்பாக அச்சான புத்தகத்தைவிட அதிக விளக்கம் எழுத வேண்டும். அந்த விளக்கத்தை எழுதும் வேலை துணை முதல்வருடையது.

"பொண்ணு," என்றார் துணை முதல்வர், "உன் பேர் மட்டும் இருக்கட்டும். கையெழுத்தும் நீயே போடு. கேட்டா நீயே சொல்லு."

அவர்களுடைய பயம் அவளுக்குப் புத்தகத்தைக் கொடுத்தது. தைரியமான தோம்லா ஒருவர் அங்கே இருந்திருந்தால் என் தங்கை இன்றும் உதவிதான்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே இருந்து யாரும் எதையும் கேட்கவில்லை; மேலே புத்தகம் படிக்கிறவர்கள் குறைவு. பள்ளிகளில் பிள்ளைகள் அட்டையை ஊதிப் பார்த்தார்கள், துடைத்துப் பார்த்தார்கள், பிறகு உள்ளே என்ன என்று திறந்தார்கள். ஹம்தம் உஸ்தா ஒரு பிரதியைக் கண்ணாடிக்குக் கீழே சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். தோய்ச்சி மாமா புதிதாக வருகிறவர்களிடம் தன் புருவத்தையும் புத்தகத்தையும் மாறி மாறிக் காட்டுகிறார். புத்தகத்தைப் பற்றி நாலு பேர் நல்லபடியாகப் பேசத் தொடங்கியதும், தலைநகரத்தில் ஒரு கூட்டத்தில், அந்த முடிக் கொக்கி தன்னுடைய யோசனைதான் என்று மிர்சயீத் தோம்லா பேசினாராம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாராம்.

எங்கள் நாட்டில் எந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: அச்சுக்கு அனுமதி கொடுத்த தேதி. யாரோ ஒருவர் கடைசி மெய்ப்பில் கையெழுத்துப் போட்ட நாள் அது. அந்தக் கையெழுத்துக்காக நானும் அவளோடு அச்சகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்த அம்மாள் முதலில் அட்டையை நகத்தால் சுரண்டினார். பிறகு பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார்.

"இதுல உன் பேருக்கு ஒரு கொக்கி. மெய்ப்புல ரெண்டு. எது சரி?"

"ரெண்டுதான்க்கா சரி. ஒண்ணு போட்டவரு அவசரத்துல இருந்தாரு."

"இங்க ஒரு பிறை போட்டிருக்கே."

"அது கையெழுத்து இல்ல. சும்மா ஒரு படம்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான், "எங்க வீட்டுல பேரு வச்சப்ப ரெண்டு கொக்கிதான் வச்சாங்க, நான் இருந்தேன்," என்றேன். அப்போது எனக்கு நடக்கவே தெரியாது. ஆனால் இருந்தேன்.

"போடும்மா," என்றார். "பாஸ்போர்ட்டப் புத்தகத்தோட ஒட்டியா விக்கப் போறோம்?"

ஓகிலாய் பேனாவை வாங்கினாள். ஒவ்வோர் எழுத்தாக, அவசரப்படாமல் எழுதினாள். முழுப் பெயரையும் எழுதிய பிறகு திரும்பி வந்து, இரண்டாம் எழுத்தின் கொக்கியைப் போட்டாள். கடைசியாக முதல் எழுத்தின் கொக்கி. மை காயும்வரை அந்த அம்மாளை ஊத விடவில்லை. பக்கத்திலேயே தேதியையும் எழுதினாள்.

2019, மே 17.